'வீடியோ மெமரி போதவில்லை' என்று கேம் நின்றுவிடுகிறதா? கார்டை மாற்றும் முன் இதைப் பாருங்க

புது கேமை இன்ஸ்டால் செய்து, ஆசையாக ஓப்பன் செய்கிறீர்கள். ஷேடர்கள் தயாராவதாகச் சொல்லி ஒரு பட்டை மெல்ல நகர்கிறது. பாதியிலேயே 'வீடியோ மெமரி தீர்ந்துவிட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து, கேம் தானாக மூடிக்கொள்கிறது. கடையில் கேட்டால் பல நேரம் கிடைக்கும் பதில்: "கார்டு பத்தலை, மாத்திடுங்க." பல ஆயிரம் ரூபாய் செலவு வைக்கும் பதில் அது. எல்லா நேரமும் சரியான பதில் அல்ல.

வீடியோ மெமரி என்பது கிராபிக்ஸ் கார்டிலேயே இருக்கும் தனி மெமரி. சுவர், துணி, முகம் என கேமில் தெரியும் எல்லாவற்றின் படங்களும் இதில்தான் ஏறும். இவற்றுக்கு டெக்ஸ்சர் என்று பெயர். ரேமை 32 ஜிபி ஆக்கினாலும், 4 ஜிபி கார்டு 4 ஜிபி கார்டுதான்.

அது உண்மையிலேயே நிரம்புகிறதா என்று பார்ப்பது சுலபம். கேம் ஓடும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு ஜிபியு. 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' என்ற எண் விளிம்பைத் தொட்டால் பற்றாக்குறை நிஜம். சாரத்தில் இருக்கும் நண்பரின் 4 ஜிபி லேப்டாப்பில் இதுதான் நடந்தது. டெக்ஸ்சரை 'மீடியம்' ஆக்கினார், பிரச்சினை தீர்ந்தது. பைசா செலவில்லை.

16 ஜிபி கார்டில் 5 ஜிபிகூட நிரம்பாமல் அதே பிழை வந்தால்? அங்கேதான் கதை மாறுகிறது.

2023 இறுதியிலும் 2024 தொடக்கத்திலும் அன்ரியல் எஞ்சினில் உருவான பல கேம்களில் இந்தப் பிழை உலகம் முழுக்கக் கிளம்பியது. எல்லோரும் கார்டைத் திட்டினார்கள். 2024 ஏப்ரலில் என்விடியாவே, 13, 14-ம் தலைமுறை இன்டெல் பிராசஸர் வைத்திருப்பவர்கள் இன்டெல்லை அணுகுங்கள் என்றது. ஜூலையில், பிராசஸருக்குள் போகும் வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறுவதாக இன்டெல் ஒப்புக்கொண்டது.

பிராசஸர் கெட்டால் கார்டு மேல் ஏன் பழி? ஷேடர்கள் சுருக்கப்பட்ட வடிவில் வருகின்றன. அவற்றை விரித்து, கார்டுக்குப் புரியும்படி மாற்றும் வேலை பிராசஸருடையது. எல்லா கோர்களும் முழு மூச்சில் ஓடும் நேரம் அது. அங்கே ஒரு பிட் பிசகினால் கார்டின் டிரைவர் அதை ஏற்காது. ஏன் என்று தெரியாத கேம், 'மெமரி இல்லை' என்று எழுதிவிடுகிறது. பிழைச் செய்தி என்பது கேமின் ஊகம் மட்டுமே.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. இன்டெல்லின் எக்ஸ்ட்ரீம் டியூனிங் யுட்டிலிட்டியில் பெர்ஃபார்மன்ஸ் கோர் மடங்கை 55-லிருந்து 53-க்கு இறக்கிப் பாருங்கள். பிழை காணாமல் போனால், கை காட்ட வேண்டியது பிராசஸரை. லேப்டாப் சிப்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்கிறது இன்டெல். ஏஎம்டி பிராசஸர் என்றால் இந்தப் பகுதியே உங்களுக்கு வேண்டாம். டிரைவரை முழுக்க நீக்கிப் புதிதாகப் போடுவது, விண்டோஸில் பேஜிங் ஃபைலை யாராவது ஆஃப் செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது போதும்.

இன்டெல் தந்த திருத்தம் மைக்ரோகோட் அப்டேட். 2024 ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் இன்னொன்று வந்தது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து பயாஸ் அப்டேட்டாகப் போட வேண்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டே படுத்துவிடும், அதனால் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீங்க.

இன்னொரு விஷயம் முக்கியம். அப்டேட் இனி வரும் சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே அடிவாங்கிய சிப்பைச் சரிசெய்யாது. அதற்கு வழி வாரன்ட்டி மட்டுமே. பாதிக்கப்பட்ட மாடல்களாக இன்டெல் பட்டியலிட்ட, பெட்டியோடு விற்கப்பட்ட பிராசஸர்களுக்கு 3 ஆண்டு வாரன்ட்டி 5 ஆண்டாகியிருக்கிறது. 2023-ல் வாங்கியவருக்கு 2028 வரை காலம் உண்டு. ரெடிமேட் கம்ப்யூட்டராக வாங்கியவர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி வந்து அசெம்பிள் செய்தவர்கள், பிராசஸர் பெட்டியையும் பில்லையும் இப்போதே தேடி எடுத்து வைங்க.