புதிய படகைப் பரீட்சித்தல்: சங்கங்கள் அறியவேண்டுவன

புதிய சாதனம் ஒன்று ஊருக்கு வருங்கால் இரண்டு உணர்ச்சிகள் ஒருங்கே எழுவது இயல்பு. 'இதனால் நம் சிரமம் தீரும்' என்னும் உற்சாகம் ஒன்று. 'கடன் வாங்கி இதை வாங்கியபின் இது பயன்படாமற் போனால் என்ன செய்வது' என்னும் அச்சம் மற்றொன்று. இவ்விரண்டும் நியாயமானவையே. உற்சாகத்தை மட்டும் கேட்டு நடக்கும் சங்கம் விரைவில் கடனாளியாகும். அச்சத்தை மட்டும் கேட்டு நடக்கும் சங்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். இவற்றுக்கிடையே வழி காட்டுவது முறையான பரீட்சையாகும். பரீட்சை எவ்வாறு நடைபெறவேண்டும், அதன் செலவும் நஷ்டமும் யாரைச் சேரவேண்டும் என்பவற்றை, சென்னைக் கரையில் மீன்பிடி படகுகளுக்கு நேர்ந்த அனுபவத்தைக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

கரையின் இயல்பு

சென்னைக்கு வடக்கே இராயபுரம், தண்டையார்பேட்டையை அடுத்த காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் மீனவர் குப்பங்கள் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. இக்கரை திறந்த கரை. படகு ஒதுங்குதற்குரிய வளைகுடா இயற்கையில் இல்லை. கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் மணல்மேடுகள் உள்ளன. அவற்றின்மேல் அலைகள் வரிசையாக உடைகின்றன. கடலுக்குச் செல்லும் படகு எதுவாயினும் இவ்வலைகளைக் கடந்தே செல்லவேண்டும். மீனோடு திரும்புகையிலும் அவற்றின் வழியாகவே வரவேண்டும்.

இந்த நிலைமைக்கேற்ப நம் முன்னோர் இரண்டு சாதனங்களைக் கண்டனர். ஒன்று, இலேசான மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம். அலை அதன்மேல் விழுந்தால் நீர் இடுக்குகளின் வழியே ஒழுகிவிடும். கவிழ்ந்தாலும் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே தூக்கி உலர்த்தலாம். மற்றொன்று, ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகு. அது தரையில் மோதினும் வளைந்து கொடுக்கும். துறைமுகம் ஏற்படுவதற்கு முன் கப்பல்களிலிருந்து ஆட்களும் சரக்குகளும் மசூலா படகுகளிலேயே கரைக்கு வந்தன.

1870-களில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் சுவர் நீண்டபின் தெற்கிலிருந்து வடக்கே செல்லும் மணல் தெற்குப் பக்கத்திலேயே தங்கிற்று. மெரினாக் கரை அகன்றது. இராயபுரம் முதல் வடக்கேயுள்ள கரையோ அரிக்கப்பட்டது. கட்டுமரம் ஏற்றிவைக்கும் மணல் குறுகக் குறுக, இப்பகுதி மீனவருக்குப் பழைய முறையும் கடினமாயிற்று.

முன் நடந்த முயற்சிகள்

மீன்பிடி தொழிலில் புதியன புகுத்தும் வேலையும் கூட்டுறவு இயக்கமும் இம்மாகாணத்தில் ஒருவரிடமே தொடங்கின என்பதை அங்கத்தினர்கள் அறிவது நலம். சர் பிரடெரிக் நிக்கல்சன் விவசாய பாங்குகளைப் பற்றிய தமது அறிக்கையை 1895, 1897-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஜெர்மனியில் ரெய்பீசன் நிறுவிய கிராம நாணய சங்கங்களின் முறையே நம் நாட்டுக்கு ஏற்றதென்று அதில் வற்புறுத்தினார். 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவு நாணய சங்கச் சட்டத்துக்கு அவ்வறிக்கை வழிகாட்டியது. அவரே 1905-ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாண மீன்வள ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தார். மீன் பதனிடுதல், டப்பியில் அடைத்தல், மத்தி மீனிலிருந்து எண்ணெயும் எருவும் எடுத்தல் முதலியவற்றைச் சர்க்கார் செலவில் செய்து பார்த்து, பயன்பட்டவற்றை ஜனங்கள் கைக்கொள்ளச் செய்தார். அவருக்குப்பின் அவ்விலாகாவை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளின் அமைப்பை நுணுகி ஆராய்ந்தவர்.

சுதந்திரத்துக்குப்பின் 1950-களில் யந்திரப் படகுகள் வந்தன. அவை தூரம் சென்றன, மிகுதியாகப் பிடித்தன. ஆயினும் அவற்றை மணலில் ஏற்ற இயலாது, துறைமுகம் வேண்டும். காசிமேட்டில் மீன்பிடி துறைமுகம் 1984-இல் திறக்கப்பட்டது. துறைமுகமில்லாத நூற்றுக்கணக்கான குப்பங்களோ கட்டுமரத்தையே நம்பியிருந்தன.

இக்குறையைத் தீர்க்கும் நோக்கத்துடன், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 'வங்காள விரிகுடாத் திட்டம்' என்பதைத் தொடங்கியது. ஸ்வீடன் தேசம் பொருளுதவி செய்தது. யந்திரம் பூட்டியும் அலையைக் கடந்து மணலில் ஏறவல்ல படகு ஒன்றைக் காண்பது அதன் வேலைகளில் ஒன்று. கப்பற் சிற்பியாகிய ஓய்விண்ட் குல்பிரான்ட்சன் முதலியோர் பல மாதிரிகளை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக அலையில் விட்டுப் பார்த்தனர். முதல் மாதிரியிலேயே வெற்றி கிட்டவில்லை. ஒன்றின் குறையை அடுத்ததில் திருத்தி, பின்னர் 'ஐ.என்.டி. 20' என்னும் கண்ணாடி இழைப் படகு உருவாயிற்று.

அதன் விசேஷம் யந்திரம் பொருத்திய முறையாகும். சாதாரண யந்திரப் படகில் காற்றாடி அடியில் நிலையாக நிற்கும். மணலில் தட்டினால் ஒடியும். இதிலோ யந்திரமும் காற்றாடித் தண்டும் சுக்கானும் சேர்ந்து தூக்கக்கூடியனவாக அமைந்தன. படகின் உடலோடு அவை இணையும் இடத்தில் நீர் புகாதபடி ரப்பர் உறை இருந்தது. கரை நெருங்கியதும் காற்றாடியை மேலே தூக்கிக்கொண்டு மணலில் ஏறலாம்.

பரீட்சையின் படிகள்

இத்தகைய படகை ஒரேயடியாகக் கடலில் விடலாகாது. எளிய பரீட்சையிலிருந்து கடிய பரீட்சைக்குப் படிப்படியாகச் செல்வதே முறை.

முதலாவது, அமைதியான நீரில் பரீட்சை. படகில் மணல் மூட்டைகளை ஒருபக்கம் ஏற்றி, எவ்வளவு சாய்கிறது, சாய்ந்தபின் நிமிர்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு படகு முழுதும் நீரை நிரப்பி, மிதக்கிறதா, ஆட்கள் அதைப் பற்றிக்கொண்டிருக்க இயலுமா என்று காண்பார்கள். கண்ணாடி இழை தானாக மிதப்பதன்று. ஆகையால் உள்ளே காற்றறைகளோ நுரைப்பொருளோ போதிய அளவு இருக்கவேண்டும்.

இரண்டாவது, அலைப் பரீட்சை. சிறிய அலையுள்ள நாளில், வலையும் சரக்கும் இல்லாமல், மிதவைச் சட்டை அணிந்த அனுபவசாலிகளைக்கொண்டு தொடங்கவேண்டும். வெளியே செல்லுதல் அவ்வளவு அபாயமன்று. முன்முனையை அலைக்கு நேரே பிடித்தால் போதும். திரும்பி வருதலே கடினம். அலை பின்னாலிருந்து தள்ளும். படகு அதன் சரிவில் விரைந்து இறங்கும். முன்முனை நீரில் ஊன்றும். பின்புறத்தை அலை ஒருபக்கமாகத் தள்ள, படகு குறுக்காகத் திரும்பும். அடுத்த அலையில் கவிழும். கட்டுமரத்தில் கவிழ்ந்தவன் ஏறிக்கொள்வான். யந்திரமுள்ள படகு கவிழ்ந்தாலோ ஆளுக்கு அபாயம், யந்திரமும் கெடும். எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏறிவருவது என்பதைக் கரையிற் பிறந்தவரே அறிவர். ஆகவே சிற்பியின் கணக்கும் மீனவரின் கண்ணும் சேர்ந்தாலன்றி இப்பரீட்சை நிறைவேறாது.

மூன்றாவது, கரையேற்றும் பரீட்சை. படகிலுள்ள நாலைந்து பேர் தாமே அதை மணலில் ஏற்ற முடியவேண்டும். ஊரார் அனைவரையும் அழைக்கவேண்டியிருக்குமாயின், தினந்தோறும் அது நடவாது.

நான்காவது, தொழிற் பரீட்சை. படகு நல்லதாயிருப்பது வேறு. பிழைப்புக்கு உதவுவது வேறு. ஓர் ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் அப்படகில் மீன் பிடிக்கவேண்டும். அதே நாளில், அதே வகை வலையோடு சென்ற கட்டுமரத்தின் வரும்படியை அருகே எழுதி ஒப்பிடவேண்டும். மிகுதியாக அகப்பட்ட ஒரு நாளை வைத்து எவரும் முடிவு கட்டலாகாது.

கணக்கு எழுதும் விதம்

இதற்கு உதாரணமாக ஒரு கணக்கைப் பார்ப்போம். கட்டுமரத்தைக் காட்டிலும் புதிய படகில் நாளொன்றுக்கு 300 ரூபாய் அதிகமாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய்ச் செலவு 180 ரூபாய். பழுது பார்க்க ஒதுக்குவது 40 ரூபாய். மீதி 80 ரூபாய். வருஷத்தில் 200 நாள் கடலுக்குச் சென்றால் மிச்சம் 16,000 ரூபாய். கடன் தவணை வருஷத்துக்கு 20,000 ரூபாயாயின், 4,000 ரூபாய் குறைகிறது. அதே படகு 260 நாள் சென்றால் மிச்சம் 20,800 ரூபாய். தவணை கட்டி 800 ரூபாய் நிற்கும்.

எனவே படகின் வேகத்தைவிட, வருஷத்தில் அது எத்தனை நாள் அலையைக் கடந்து செல்லும் என்பதே முக்கியமென்று விளங்கும். உதிரிபாகம் வர ஒரு மாதம் ஆகுமாயின், அந்த ஒரு மாதமே லாபத்தை நஷ்டமாக்கிவிடும். பழுது பார்க்கத் தெரிந்தவர் பக்கத்து ஊரிலாவது உண்டா என்பதைப் படகு வாங்குமுன் விசாரிக்கவேண்டும்.

நஷ்டம் யாரைச் சேரும்?

இதே வடசென்னைப் பகுதியில் பெரிய தொழிற்சாலைகளும் புதிய பொருள்களை வெளியிட்டிருக்கின்றன. எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிற்று. பிறகு லேலண்ட் வண்டிகளைச் செய்தது. 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்றது. திருவொற்றியூரில் என்பீல்டு கம்பெனியார் 1950-களில், இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்யத் தொடங்கி, சிறுகச் சிறுகப் பாகங்களையும் இங்கேயே செய்தனர். இக்கம்பெனிகளிலும் கவலை உண்டு. ஆனால் பரீட்சையில் ஒரு வண்டி கெட்டால் நஷ்டம் மூலதனத்தைச் சேரும். அது பல பங்குதாரர்களுக்குள் பிரிந்துவிடும். ஓட்டிப் பார்த்த தொழிலாளிக்கு அன்றைய கூலி குறையாது.

கரையில் புதிய படகைப் பரீட்சிக்கும் மீனவரின் நிலை அத்தகையதன்று. பரீட்சைக்குச் சென்ற நாளில் அவருக்கு வேறு வரும்படி இல்லை. வலை கிழிந்தால் அவர் வலை. அடிபட்டால் அவர் உடல். முதல் படகு கெட்டுவிட்டதாயின், 'இவரை நம்பினோமே' என்று ஊராரின் சொல்லுக்கும் அவரே ஆளாவார். இதனால்தான் கெட்டிக்காரரான மீனவரும் புதியதைக் கண்டு தயங்குகிறார். இதை அறியாமை என்று சொல்வது தவறு. நஷ்டம் தம்மையே சேரும் என்று அறிந்தவரின் எச்சரிக்கை அது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சாதனம் வெற்றி பெற்றாலும் பிறருக்கு நஷ்டம் நேரலாம். யந்திரப் படகுகளின் இழுவலைகள் கரையோரத்தில் கட்டுமரக்காரரின் வலைகளை அறுத்ததால் 1970-களில் சண்டைகள் மூண்டன. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து 3 கடல்மைல் வரையுள்ள பகுதியை யந்திரமில்லாத சாதனங்களுக்கென ஒதுக்கிற்று. இழுவலை நன்றாகப் பிடிக்கிறதா என்று பார்த்தவர்கள், பக்கத்து வலைக்காரருக்கு என்ன ஆகும் என்பதையும் முன்னரே பார்த்திருப்பின் நலமாயிருந்திருக்கும்.

ஐ.என்.டி. 20 படகை ஆந்திர, ஒரிஸ்ஸாக் கரைகளில் சில ஊர்களில் மீனவர் கடன் பெற்று வாங்கினர். ஆயினும் அது எங்கும் பரவிவிடவில்லை. கட்டுமரத்தை நோக்க விலை மிகுதி. பிற்காலத்தில் கண்ணாடி இழையாலான எளிய, விலை குறைந்த படகுகளே பெருகின. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமிக்குப்பின் அவை தமிழ்நாட்டுக் கரை முழுதும் நிறைந்தன. அவற்றிலும் காற்றாடியைத் தூக்கக்கூடிய யந்திரங்களே பூட்டப்படுகின்றன. ஒரு மாதிரி விலைபோகாவிடினும், அதனால் அடைந்த அறிவு வீண்போவதில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து, புதிய படகாயினும், நெசவுத்தறியாயினும், பம்பு யந்திரமாயினும், கூட்டுறவுச் சங்கங்கள் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளலாம்.

1. முதல் சாதனத்தைத் தனி அங்கத்தினர் தலையில் கட்டாமல், சங்கமே வாங்கிப் பரீட்சிக்கவேண்டும். மகாசபையின் தீர்மானமின்றி இதற்குச் சேமநிதியைத் தொடலாகாது.

2. பரீட்சையில் ஈடுபடும் அங்கத்தினருக்கு, அன்று சாதாரணமாகக் கிடைத்திருக்கும் வரும்படிக்குக் குறையாத தினக்கூலியை முன்கூட்டியே நிச்சயிக்கவேண்டும்.

3. எவ்வளவு தொகை போனால் பரீட்சையை நிறுத்துவது என்பதைத் தொடங்குமுன்பே நிகழ்ச்சிப் புத்தகத்தில் எழுதவேண்டும். உற்சாகம் மிகுந்தபின் அதை நிச்சயிப்பது கடினம்.

4. தினசரிக் கணக்கைக் காரியதரிசி எழுத, படகில் சென்றவர் கையொப்பமிடவேண்டும். கெட்ட நாளையும் நல்ல நாளைப் போலவே எழுதவேண்டும்.

5. அச்சாதனத்தை வாங்காத அங்கத்தினருக்கும் அயலாருக்கும் அதனால் கேடுண்டா என்று மகாசபையில் கேட்கவேண்டும்.

6. ஓர் ஆண்டுக் கணக்கை மகாசபையில் வாசித்தபின்பே தவணைக் கடனுக்கு விண்ணப்பம் வாங்கவேண்டும்.

இவ்வாறு செய்யின் பரீட்சை தோற்றாலும் ஒரு குடும்பம் அழியாது. இருநூறு அங்கத்தினருக்கு ஆளுக்குச் சில ரூபாய் குறையும், அவ்வளவே. தனி ஒருவர் தாங்கமாட்டாத நஷ்டத்தைப் பலர் சேர்ந்து தாங்குவதற்கே சங்கம் ஏற்பட்டது. கடன் கொடுப்பதற்கு இவ்விதியை நாம் நெடுநாளாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். புதியதைச் சோதிப்பதற்கும் இதுவே பொருந்தும். அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் பரீட்சை நிதி என ஒரு விஷயத்தைச் சேர்த்து, அதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்குவதைப்பற்றி அங்கத்தினர்கள் ஆலோசிப்பார்களாக.