விடுமுறைக்குப் பின் விடுதிக்குத் திரும்புதல்

பொங்கல், தீபாவளி, பருவத் தேர்வு ஆகியவற்றை ஒட்டிய விடுமுறைகளை வீட்டில் கழித்த மாணவர்கள் கல்லூரி விடுதிக்குத் திரும்பும் பயணம், ஆண்டுக்குப் பலமுறை நிகழ்வது. கல்லூரிகள் பெரும்பாலும் திங்கட்கிழமை திறப்பதால் ஞாயிறு இரவில் பேருந்துகளும் இரயில்களும் நிரம்பி வழியும். முன்கூட்டித் திட்டமிட்டால் செலவும் அலைச்சலும் குறையும். முக்கிய ஆவணங்கள் தொலையாமலும் இருக்கும்.

பயணச்சீட்டு

இரயிலில் பயண நாளை விட்டுவிட்டு 60 நாட்களுக்கு முன் முன்பதிவு தொடங்குகிறது. முன்பு 120 நாட்களாக இருந்த இக்கால அளவு, 2024 நவம்பர் 1 முதல் குறைக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, ஜனவரி 18 அன்று புறப்படும் இரயிலுக்கு நவம்பர் 19 அன்று காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்கும். ஊருக்குச் செல்லும் சீட்டை எடுக்கும்போதே திரும்பும் நாளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்வது நல்லது.

தட்கல் முன்பதிவு, இரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் தொடங்கும். குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணி. படுக்கை வகுப்புக்கு 11 மணி. இணையத்தில் தட்கல் எடுக்க, ஆதார் மூலம் சரிபார்க்கப்பட்ட கணக்கு தேவை. இணையத்தில் எடுத்த சீட்டு, பட்டியல் தயாரான பின்னும் முழுவதும் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறுபவர் சீட்டு இல்லாத பயணியாகவே கருதப்படுவார்.

சொந்த ஊருக்குச் செல்லும் மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 50 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இது 75 விழுக்காடு. இதற்குரிய படிவத்தைக் கல்லூரி அலுவலகத்தில் பெற்று, நிலைய முன்பதிவு மையத்தில் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். விடுமுறை விடும் முன்பே அலுவலகத்தில் கேட்காததால் பலர் இச்சலுகையை இழக்கின்றனர்.

சான்றிதழ்கள்

இக்கட்டுரையாளரின் மாணவர் ஒருவர், உதவித்தொகைக்காக அசல் மதிப்பெண் சான்றிதழ்களைத் துணிப்பையில் வைத்து, அப்பையைப் பேருந்தின் மேல்தட்டில் போட்டுவிட்டு உறங்கிவிட்டார். விடியலில் பையைக் காணவில்லை. காவல் நிலையப் புகார், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று, நகல் சான்றிதழுக்கான விண்ணப்பம் என அவர் பல மாதங்கள் அலைந்தார். அந்த ஆண்டு உதவித்தொகையும் கிடைக்கவில்லை.

கல்லூரி கேட்டால் மட்டுமே அசல்களை எடுத்துச் செல்ல வேண்டும். அவற்றை நீர்புகா உறையில் இட்டு, உடலோடு ஒட்டிய சிறு பையில் வைக்க வேண்டும். புறப்படும் முன் ஒவ்வொன்றையும் படமெடுத்து வீட்டிலுள்ள ஒருவருக்கும் அனுப்பிவிட வேண்டும். இரயிலில் பயணி தன்னுடன் வைத்திருக்கும் பொருள் தொலைந்தால், ஊழியரின் கவனக்குறைவோ தவறோ நிரூபிக்கப்பட்டால் ஒழிய இரயில்வே பொறுப்பேற்காது என்று 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 100ஆவது பிரிவு கூறுகிறது.

மூட்டை கட்டுதல்

படுக்கை வகுப்பில் 40 கிலோவும் இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டுசெல்லலாம். ஆனால், தானே தூக்கிப் படியேற முடிகிற அளவே சரியான அளவு. வாளி, சோப்பு போன்றவற்றைக் கல்லூரி இருக்கும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

- சக்கரப் பெட்டியில் கனமானவை சக்கரத்தின் பக்கம் இருக்க வேண்டும். முதுகுப்பையில் அவை முதுகை ஒட்டி இருக்க வேண்டும்.
- ஈரத்துணியை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நன்கு உலர்த்தியே வைக்க வேண்டும்.
- அடையாள அட்டை, மருந்து, மின்னேற்றி, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.
- பணத்தை இரண்டு இடங்களில் பிரித்து வைக்கவும். வீட்டு எண்ணையும் விடுதி எண்ணையும் தாளில் எழுதி வைக்கவும். கைப்பேசி அணைந்துபோனால் அதுவே உதவும்.

உணவு

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, முறுக்கு ஆகியவை பல நாள் தாங்கும். பொடியிலும் முறுக்கிலும் ஈரம் குறைவு; மற்ற இரண்டிலும் புளிப்பு, உப்பு, எண்ணெய் ஆகியவை நுண்ணுயிர்கள் வளர்வதைத் தடுக்கின்றன. தேங்காய்ச் சட்னி சில மணி நேரத்தில் கெட்டுவிடும். தயிர்சாதத்தில் பால் மிகுதியாகவும் தயிர் ஒரு கரண்டியும் சேர்த்தால் இரவுக்குள் புளிக்காது. தொக்குப் பாட்டிலின் வாயில் நெகிழித்தாளை வைத்து மூடியைத் திருகி, நிமிர்ந்த நிலையில் வைத்தால் எண்ணெய் கசியாது.

பயணத்தின்போது

தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வரும் அரசு விரைவுப் பேருந்துகளின் முனையம், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம். அங்கிருந்து கல்லூரிக்கு மாநகரப் பேருந்தில் செல்லும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரயிலில் உதவிக்கு 139, எந்த அவசரத்துக்கும் 112 ஆகிய எண்களை அழைக்கலாம். கீழ்ப்படுக்கையின் அடியிலுள்ள வளையத்தில் பெட்டியைச் சங்கிலியால் பூட்டுவது நல்ல பழக்கம்.

சென்று சேர்ந்ததும் முதல் வேலை, வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பிள்ளை போய்ச் சேர்ந்தது தெரியும்வரை வீட்டில் யாரும் சரியாக உறங்குவதில்லை.