கவிழ்ந்தால் என்ன செய்வாய்?

படகு ஓட்டப் பழகப் போனால், படகைக் கவிழ்க்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள்! வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? ஆனால், உயிரைக் காப்பது இந்தப் பாடம்தான்.

ஊர் நடுவே ஏரி

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள நகரம் ஓக்லண்டு. அதன் நடுவே மெரிட் ஏரி இருக்கிறது. கடல் நீர் வந்து போவதால், தண்ணீர் உப்புக் கரிக்கும்.

ஒரு காலத்தில் ஊர்ச் சாக்கடை இதில்தான் விழுந்தது. மேயராக இருந்த டாக்டர் சாமுவேல் மெரிட், 1860-களில் அணை கட்ட ஏற்பாடு செய்தார். 1870-ல் ஏரி, பறவைகளின் சரணாலயம் ஆயிற்று.

இப்போது ஏரிக்கரையில் நகராட்சியின் படகுத்துறை இருக்கிறது. துடுப்புப் படகு, பாய்மரப் படகு ஓட்ட வகுப்புகள் நடக்கின்றன. கோடை விடுமுறையில் சிறுவர் முகாமும் உண்டு.

படகை விடாதே!

சிறிய பாய்மரப் படகு பழக்கும் வகுப்புகளில், வேண்டும் என்றே படகைக் கவிழ்ப்பது வழக்கம். மாணவன் நீந்திப் போய், படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நிற்பான். விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்வான். படகு நிமிர்ந்துவிடும்!

நிமிர்த்த முடியாவிட்டால்? கரைக்கு நீந்தக்கூடாது. படகைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும். இத்தகைய படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். தூரத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும். தண்ணீரில் தனித் தலை எளிதில் தெரியாது.

மிதவைச் சட்டை

13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், ஓடும் படகில் மிதவைச் சட்டை அணிய வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம்.

2021-ல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

விடுமுறையில் குழந்தைகளைப் படகுச் சவாரிக்கு அழைத்துப் போகிறீர்களா? மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்குங்கள். பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். பிறகு படகில் ஏறுங்கள்!