மயக்கத்தில் வரும் குறட்டை

எண்டோஸ்கோபி செய்துகொண்டவர்கள் "ஊசி போட்டாங்க, குறட்டை விட்டுத் தூங்கிட்டேன்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்தக் குறட்டை உண்மையில் என்ன என்று படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே குறித்து வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை.

மிடாசோலம், புரொபோஃபால் போன்ற மருந்துகள் மூச்சு விடச் சொல்லும் மூளையின் கட்டளையை மந்தமாக்கும். தொண்டைத் தசைகளையும் தளர்த்தும். மல்லாந்து படுத்திருந்தால் நாக்கு பின்னால் சரிந்து காற்றுப் பாதை குறுகும். அந்தச் சத்தம்தான் குறட்டை. அதாவது, பாதி அடைப்பு. சத்தம் சட்டென்று நின்றால் பாதை திறந்திருக்கலாம், முழுசா அடைத்தும் இருக்கலாம். நெஞ்சு அசைகிறதே என்று நம்பிவிட முடியாது. பாதை அடைத்திருந்தாலும் நெஞ்சு கொஞ்ச நேரம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

"விரல்ல மெஷின் மாட்டியிருக்காங்களே?" என்று கேட்கலாம். ஜப்பானியர் டாகுவோ அவோயாகி 1974-ல் வெளியிட்ட கொள்கையில் இயங்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் அது. அது அளப்பது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை, மூச்சை அல்ல. மோட்டார் நின்றாலும் மேல்தொட்டி காலியாகும்வரை குழாயில் தண்ணீர் வருமில்லையா, அதுபோலத்தான். மூக்கில் ஆக்சிஜன் கொடுத்திருந்தால், மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் 98, 99 என்றே காட்டலாம்.

காப்னோகிராஃபி கருவி வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஒரு மேடு வரும். மூச்சு நின்றால் உடனே கோடு தட்டையாகிவிடும். மிதமான மயக்கத்துக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் இந்தக் கண்காணிப்பு வேண்டும் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2011-ல் தன் விதிகளில் சேர்த்தது.

எண்டோஸ்கோபிக்கு இடதுபுறம் ஒருக்களித்துப் படுக்க வைப்பதில் மூச்சுக்கும் லாபம் உண்டு. நாக்கு பின்னால் விழுவது குறையும். எச்சிலும் வாந்தியும் கன்னத்தின் வழியே வெளியே வடியும். பித்தக்குழாய்க்கான ஈஆர்சிபியில் பெரும்பாலும் குப்புறப் படுக்க வைப்பார்கள். அப்போது முகத்தை அணுகுவதே சிரமம், அதனால் கவனம் இன்னும் அதிகம் தேவை.

அடைப்பு வந்தால் முதல் வைத்தியம் எளிமையானது: தாடையை முன்னால் தூக்குவது. நாக்கு தாடையோடு இணைந்திருப்பதால் கூடவே முன்னால் வரும். பல சமயம் அதுவே போதும். ஆனால் அடைப்பை ஒருவர் கவனித்தால்தான் அதைச் செய்ய முடியும்.

எனவே, தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுவீர்களா, மூச்சடைத்து விழிப்பீர்களா, சிபாப் கருவி வைத்திருக்கிறீர்களா, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டினி இருக்கச் சொன்ன நேரத்தில் ஏதாவது சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், நீங்க உள்ளே பார்த்துக்கிட்டு இருக்கும்போது என் மூச்சை யார் பார்த்துக்குவாங்க?" பதிலில் வேறொருவர் இருக்க வேண்டும்.