பழைய காருக்குப் புதிய ஸ்பீக்கர்: வாட் கணக்கைவிட கதவுதான் முக்கியம்

பொந்தியானிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் பெக்கான் நானாஸ், ஸ்கூடாய் வழியாக வேலைக்குப் போய்த் திரும்புபவர்களுக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது காரில்தான் கழிகிறது. காலைச் செய்தியும் பழைய பாடல்களும் மின்னல் எஃப்.எம்., ராகா அறிவிப்பாளர்களின் பேச்சும்தான் அந்த நேரத்துக்குத் துணை.

1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகா, 1993இல் வந்த வீரா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் போன்ற கார்கள் இன்றும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எஞ்சினைப் பார்த்துப் பார்த்துக் கவனிப்பவர்கள்கூட ஸ்பீக்கரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஒரு நாள் பாட்டு கரகரக்கத் தொடங்கும். உடனே கடைக்குப் போய், பெட்டியில் பெரிய எண் போட்டிருக்கும் ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கி மாட்டுவார்கள். காசு செலவானது மட்டும்தான் மிச்சம், ஒலி அப்படியே இருக்கும்.

காரணம் எளிது. பழைய காரில் ஒலி கெடுவதற்கு ஸ்பீக்கர் ஒரு பங்கு என்றால், அது பொருத்தப்பட்டிருக்கும் கதவும் வயரும் மற்றொரு பங்கு. இரண்டையும் சேர்த்துச் சரிசெய்தால் நடுத்தர விலை ஸ்பீக்கரே போதும்.

முதலில் சோதியுங்கள், பிறகு வாங்குங்கள்

ஸ்பீக்கர் உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. வானொலியில் இடது-வலது, முன்-பின் திருப்பும் வசதியைப் பயன்படுத்தி நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் சத்தம் விட்டு விட்டு வந்தால் அந்தக் கதவை மெல்லத் திறந்து மூடுங்கள். அப்போது சத்தம் வந்து போனால் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையில் மடங்கும் ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்க வேண்டும். இருபது முப்பது ஆண்டுகள் திறந்து மூடிய கதவில் இது சாதாரணம்.

கரகரப்பு என்றால் ஸ்பீக்கரைக் கழற்றிப் பாருங்கள். கூம்பின் ஓரத்தைச் சுற்றி ஒரு மென்மையான வளையம் இருக்கும். அது ஸ்பஞ்சால் ஆனதாக இருந்தால் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் காலப்போக்கில் பொடிந்து போகும். கூம்பின் இரு பக்கமும் விரல்களை வைத்துச் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசும் ஓசை கேட்டால் கம்பிச்சுருள் காந்தத்தில் இடிக்கிறது என்று பொருள். மல்டிமீட்டர் இருந்தால் ஸ்பீக்கரின் இரு முனைகளையும் அளக்கலாம். 4 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 3 முதல் 4 ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

பெட்டியில் எழுதியிருக்கும் 300 வாட்

கடையில் முதலில் கண்ணில் படுவது பெரிய எண்கள்தான். அவை பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் தாங்கக்கூடிய உச்ச அளவைக் குறிப்பவை. பார்க்க வேண்டியது, தொடர்ந்து தாங்கக்கூடிய ஆர்.எம்.எஸ். அளவு.

வானொலிப் பெட்டிக்கும் இதே கதைதான். முகப்பில் ‘50 வாட் × 4’ என்று அச்சிட்டிருந்தாலும், தனி ஆம்பிளிஃபையர் இல்லாமல் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் பெட்டி 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவது சுமார் 15 முதல் 22 வாட் வரைதான். அந்தப் பெட்டியோடு 100 வாட் ஆர்.எம்.எஸ். ஸ்பீக்கரைப் பூட்டினால் சத்தம் ஐந்து மடங்கு கூடிவிடாது.

கவனிக்க வேண்டிய எண் சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் மின்சாரம் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பதை டெசிபல் கணக்கில் சொல்வது இது. இதில் 3 டெசிபல் வித்தியாசம் இரு மடங்கு மின்திறனுக்குச் சமம். அதாவது 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தால் கிடைக்கும் சத்தத்தை 91 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும். பழைய வானொலிப் பெட்டியை வைத்துக்கொள்பவர்கள் 90 அல்லது அதற்கு மேற்பட்ட டெசிபல் உள்ளதாகத் தேர்ந்தெடுப்பது நல்லது.

‘40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும்’ என்ற விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம். மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை. எஃப்.எம். ஒலிபரப்பு ஏறத்தாழ 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

அளவும் வகையும்

4 அங்குலம், ஐந்தேகால் அங்குலம், ஆறரை அங்குலம், பின்பலகைக்கான 6×9 அங்குல நீள்வட்டம் ஆகியவை கடைகளில் கிடைக்கும் பொதுவான அளவுகள். கார் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய கார் பல கை மாறி வந்திருக்கும். முந்தைய உரிமையாளர் துளையைப் பெரிதாக்கியிருக்கலாம். பழைய ஸ்பீக்கரைக் கழற்றி விட்டம், திருகுத் துளைகளின் இடைவெளி, ஆழம் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள். ஆழத்தை அளக்கும்போது கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி இறங்கும்போது காந்தத்தில் முட்டும்.

வகையில் இரண்டு உண்டு. பெரிய கூம்பின் நடுவிலேயே சிறிய ட்வீட்டர் அமைந்திருப்பது கோஆக்சியல். ட்வீட்டரும் கூம்பும் தனித்தனியாக, இடையில் ஒலி பிரிக்கும் கிராஸ்ஓவரோடு வருவது கம்போனன்ட். கம்போனன்ட்டில் ட்வீட்டரைக் காது மட்டத்துக்கு அருகில் வைக்க முடியும் என்பதால் குரல் கால் பக்கத்திலிருந்து வராமல் முன்னாலிருந்து வரும். ஆனால் அதைப் பொருத்தக் கூடுதல் துளையும் கூடுதல் வயரும் வேண்டும். காரை வெட்ட விரும்பாதவர்களுக்குக் கோஆக்சியலே போதும். ஓர வளையம் ரப்பரால் ஆனதா என்று கேட்டு வாங்குங்கள். ஈரத்தை ரப்பர்தான் நன்றாகத் தாங்கும்.

பணம் குறைவாக இருந்தால் நான்கையும் மலிவாக மாற்றுவதைவிட முன் கதவு ஜோடியை மட்டும் தரமாக மாற்றுவது மேல். ஓட்டுநரும் அருகில் இருப்பவரும் கேட்பது பெரும்பாலும் முன்பக்க ஒலியைத்தான்.

கதவே ஸ்பீக்கரின் பெட்டி

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்பக்கத்தில் காற்றை இழுக்கும். அதனால் முன்னால் வரும் ஒலியும் பின்னால் வரும் ஒலியும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. இரண்டும் இடைவெளி வழியாகக் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதலில் காணாமல் போவது மிருதங்கம், தபேலா, பேஸ் கித்தார் போன்றவற்றின் தாழ்ந்த ஒலி. ‘புது ஸ்பீக்கர் மாட்டியும் பேஸ் வரவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஸ்பீக்கரின் விளிம்புக்கும் கதவுத் தகட்டுக்கும் இடையில் நுரை நாடா ஒட்டிக் காற்றுப் போகாமல் அடைக்க வேண்டும். ஸ்பீக்கரைத் தாங்கும் வளையம் அழுத்த அட்டையாலோ எம்.டி.எஃப். பலகையாலோ ஆனதாக இருந்தால் ஈரம் பட்டதும் ஊதிப்போகும். பொந்தியான், பெனுட், குக்குப் போன்ற கடலோர ஊர்களுக்குப் பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையமே பொருத்தம். மெல்லிய கதவுத் தகடு அதிராமல் இருக்க பியூட்டைல் ஒட்டுத்தகடு ஒட்டலாம். கதவு முழுவதும் ஒட்ட வேண்டியதில்லை. அதிரும் இடங்களைத் தட்டிப் பார்த்து, தகட்டின் கால் பகுதி அளவுக்கு ஒட்டினாலே நல்ல மாற்றம் தெரியும்.

ஓர் எச்சரிக்கை: மழைநீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கி, அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறும். அத்துளைகளை அடைத்துவிடாதீர்கள். கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் கிழித்து எறியாதீர்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் ஸ்பீக்கருக்கும் காலடி விரிப்புக்கும் வந்து சேரும், பின்னாலேயே துருவும் வரும்.

வயரில் கூட்டல், கழித்தல்

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றிவிட வேண்டும். ஏர்பேக் உள்ள காரில் மஞ்சள் நிற இணைப்புகளைத் தொடவே கூடாது.

இரு ஸ்பீக்கர்களுக்கும் கூட்டல், கழித்தல் முனைகள் ஒரே மாதிரி இணைக்கப்பட வேண்டும். ஒன்று மட்டும் தலைகீழானால், ஒன்று முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கும். 1950, 60களின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. அவற்றில் பாடகரின் குரலே இடம் தெரியாமல் கலைந்து, மெலிந்து கேட்கும்.

பழைய காரில் வயரின் நிறத்தை நம்ப முடியாது. ஸ்பீக்கர் வயர்களை வானொலிப் பெட்டியிலிருந்து பிரித்துவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே நகர்ந்தால் பேட்டரியின் கூட்டல் முனையைத் தொட்ட வயர்தான் கூட்டல்.

1970, 80களின் சில கார்களில் ஸ்பீக்கர்களின் கழித்தல் வயர் காரின் உடற்பகுதியோடு இணைந்திருக்கும். அதே வயரில் இன்றைய வானொலிப் பெட்டியைப் பூட்டினால் பெட்டி பழுதாகும். அத்தகைய காரில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரண்டு வயர் இழுப்பதே வழி. ஒரே இணைப்பில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்கவாட்டில் சேர்ப்பதும் கூடாது. தடை 2 ஓமாகக் குறைந்து பெட்டி சூடேறும்.

ஆம்பிளிஃபையர் வேண்டுமா?

வானொலியும் பாட்டும் தெளிவாகக் கேட்டால் போதும் என்பவர்களுக்குத் தேவையில்லை. வைப்பதென்றால் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 50 வாட் × 4 ஆம்பிளிஃபையர் முழுச் சத்தத்தில், பழைய ஏபி வகை என்றால் ஏறத்தாழ 29 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். டி வகை என்றால் 18 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 55 வாட் முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து இழுப்பதே 8 ஆம்பியர்தான். மழை இரவில் விளக்கும் வைப்பரும் குளிர்சாதனமும் ஓடும்போது பழைய ஆல்டர்னேட்டருக்கு இது பெரிய சுமை.

இங்கே உயிருக்கே ஆபத்தான விஷயம் ஃபியூஸ். பேட்டரியிலிருந்து நேராக வரும் வயரில், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எஞ்சின் அறைச் சுவரில் வயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் வேண்டும். இரண்டும் இல்லாமல், தகட்டின் விளிம்பில் உரசி வயரின் உறை கிழிந்தால், கார் நின்றுகொண்டிருக்கும்போதே தீப்பிடிக்கலாம். ஃபியூஸ் ஆம்பிளிஃபையர் பக்கத்தில் மட்டும் இருந்தால் இந்த விபத்தைத் தடுக்காது.

பின்பலகையில் கட்டாமல் வைக்கும் பெட்டி ஸ்பீக்கர்களும் ஆபத்தானவை. திடீரென பிரேக் பிடித்தாலோ மோதினாலோ அவை பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் தலையை நோக்கித்தான் பாயும். திருகி இறுக்குங்கள், அல்லது எடுத்துவிடுங்கள்.

சத்தத்துக்கும் ஓர் எல்லை

அமெரிக்கத் தொழில்சார் சுகாதாரக் கழகமான நியோஷின் அளவுகோலின்படி, 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் 1 மணி நேரம்தான். ஜொகூர் பாரு வரை ஒருமுறை போவதற்குள்ளேயே அந்த எல்லை முடிந்துவிடும். ஆம்புலன்ஸ் ஒலி காதில் விழ வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

நீங்களே செய்ய முடியாதென்றால் பொருத்துபவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: ஆர்.எம்.எஸ். எவ்வளவு, சென்சிட்டிவிட்டி எவ்வளவு, ஃபியூஸ் எங்கே வைப்பீர்கள், கதவைத் துளைக்காமல் பொருத்த முடியுமா? நான்குக்கும் தெளிவான பதில் வந்தால் காரை நம்பி விடலாம். கழற்றிய பழைய ஸ்பீக்கர், மூடி, திருகுகளை ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சாகாவையும் கஞ்சிலையும் தேடிப்பிடித்துப் பழையபடி புதுப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். காரை விற்கும் நாளில் அந்தப் பைக்கும் ஒரு விலை கிடைக்கலாம்.