குழந்தையின் அறிவு வளர்ச்சியும் பெற்றோரின் பங்கும்

உணவும் மருந்தும் அளித்துவிட்டால் குழந்தை தானே வளர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அறிவு வளர்ச்சிக்கு மற்றொன்றும் இன்றியமையாதது. பெற்றோர் குழந்தையோடு பேசுவதும் விளையாடுவதுமே அது. இதனைத் தெளிவாக்கிய ஆராய்ச்சிகளுள் ஜமைக்கா நாட்டில் நடைபெற்றது குறிப்பிடத்தக்கது.

1986-87ஆம் ஆண்டுகளில், அந்நாட்டின் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழ்மையான பகுதிகளில், வயதிற்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்களின் வயது 9 முதல் 24 மாதம். சாலி கிராந்தம்-மெக்கிரெகர் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் அவர்களை நான்கு பிரிவுகளாக வகுத்தனர். ஒரு பிரிவிற்கு வாரந்தோறும் ஒரு கிலோகிராம் பால் சத்துணவு வழங்கப்பட்டது. மற்றொரு பிரிவினரின் வீடுகளுக்குப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் சென்று வந்தனர். மூன்றாம் பிரிவு இவ்விரண்டையும் பெற்றது. நான்காம் பிரிவு இரண்டையும் பெறவில்லை. இவ்வேற்பாடு ஈராண்டுகள் நீடித்தது.

வீடுகளுக்குச் சென்றோர் நிபுணர் அல்லர். சுகாதார உதவிப் பணியாளரே. வீட்டில் கழித்த பொருள்களைக் கொண்டு செய்த விளையாட்டுச் சாமான்களை எடுத்துச் சென்று, அவற்றைக் கொண்டு குழந்தையோடு விளையாடும் முறையைத் தாய்க்குக் காட்டினர். சாமான்களை வீட்டிலேயே விட்டு வந்து, அடுத்த வாரம் மாற்றிக் கொடுத்தனர்.

ஈராண்டு முடிவில் சத்துணவு, விளையாட்டு ஆகிய இரண்டும் பயனளித்திருந்தன; இரண்டையும் பெற்ற குழந்தைகளே மிகுதியாக முன்னேறினர். ஆயினும் நெடுங்காலம் நிலைத்தது விளையாட்டின் பயனே. அக்குழந்தைகளுள் 105 பேரை 22ஆம் வயதில் மீண்டும் கண்டு ஆராய்ந்தனர். விளையாட்டுப் பயிற்சி பெற்றிருந்தோர் மற்றவரைவிட ஏறத்தாழ 25 சதவீதம் மிகுதியாக ஊதியம் ஈட்டினர் என்பது 2014இல் வெளியிடப்பட்டது.

இதன் காரணம் யாது? குழந்தை ஒரு பொருளைச் சுட்டுகிறது; தாய் அதன் பெயரைச் சொல்லுகிறாள்; குழந்தை மீண்டும் ஒலியெழுப்புகிறது. இவ்வாறு சொல்லும் பொருளும் குழந்தையின் மனத்தில் இணைகின்றன. முதற் சில ஆண்டுகளில் மூளையின் நரம்பணுக்களிடையே இணைப்புகள் மிக விரைவாக உண்டாகின்றன. அடிக்கடி பயன்படுபவை வலுப்பெறுகின்றன, பயன்படாதவை நீங்குகின்றன. கைப்பேசித் திரை இதற்கு ஈடாகாது. குழந்தை சுட்டியதை அது காண்பதில்லை.

இந்திய அரசு 2024இல் வெளியிட்ட 'நவசேதனா' வழிகாட்டியும் பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இத்தகைய பயிற்சியையே வலியுறுத்துகிறது. வேலைப்பளு மிகுந்த தாய்க்குத் தனி நேரம் ஒதுக்குதல் அரிது. ஆதலின் குளிப்பாட்டும்போதும், சோறூட்டும்போதும், கீரை ஆயும்போதும் குழந்தையோடு பேசுமாறு அவளுக்கு எடுத்துரைத்தல் நலம். தந்தைக்கும் பாட்டனார் பாட்டியாருக்கும் இதில் பங்குண்டு. குழந்தையின் எடையைக் குறிக்கும் களப்பணியாளர், "நேற்று இவனோடு என்ன பேசினீர்கள்?" என்றும் கேட்பாராக.