காற்றில் பிடித்த கத்தி

2005இல் ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு ‘டிராமா சென்டர்’ என்ற அறுவைச் சிகிச்சை விளையாட்டை வெளியிட்டது. சிறு குச்சியால் திரையைத் தொட்டு அறுக்கலாம், தைக்கலாம். மறு ஆண்டே அது ‘வீ’ கருவிக்காக மாற்றி அமைக்கப்பட்டது. இங்கே நோயாளி தொலைக்காட்சித் திரையில். ரிமோட் பிடித்த கையோ சில அடி தள்ளி, காற்றில். கத்தி எங்கே இருக்கிறது என்று கருவிக்கு எப்படித் தெரியும்?

தொலைக்காட்சி அருகே வைக்கும் பட்டைக்கு ‘சென்சார் பார்’ என்று பெயர். பெயர்தான் அப்படி, அது எதையும் உணர்வதில்லை. இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவே. பார்ப்பது ரிமோட்டின் முனையிலுள்ள கேமரா. அதன் பார்வையில் இரண்டு ஒளிப்புள்ளிகளும் இடப்பக்கம் நகர்ந்தால், ரிமோட் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. புள்ளிகளின் இடைவெளி குறைந்தால், பின்னால் போயிருக்கிறது. பட்டைக்குப் பதில் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றினாலும் வேலை நடக்கும். சுடரும் அகச்சிவப்பை உமிழ்கிறதே!

ஏ, பி பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் ரிமோட் இடுக்கியாகிவிடும். காயத்திலிருந்து கண்ணாடித் துண்டை எடுக்கும்போதுதான் சிரமம் புரியும். டிஎஸ்ஸில் குச்சியின் நுனி திரையில் ஊன்றி நிற்கும். உராய்வு கையைப் பிடித்துக்கொள்ளும். காற்றில் அந்தத் துணை இல்லை. 2 மீட்டர் தொலைவிலிருந்து சுட்டும் கை 1 பாகை திரும்பினாலே குறி சுமார் 3.5 சென்டிமீட்டர் விலகிவிடும்.

இன்னொன்றும் இல்லை. உண்மையான அறுவையில் தசை கத்தியை எதிர்த்துத் தள்ளும். அதைக் கொண்டே மருத்துவரின் விரல்கள் ஆழத்தை உணர்கின்றன. ரிமோட்டால் அதிர மட்டுமே முடியும்.